அதிகாரத்தை இறக்கி வைத்த அமைச்சர்

அமைச்சர் ஊருக்கு வருகிறார் என்றால் நாம் என்ன செய்கிறோம்? பந்தல் போடுகிறோம், வாழைமரம் கட்டுகிறோம், மனு எழுதுகிறோம். பாலம் வேண்டும், பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்ற வேண்டும், பேருந்து வேண்டும் என்று மனுவுக்குமேல் மனுவாகக் கொடுக்கிறோம். அவர் நல்லவராக இருந்தால் அவற்றுள் இரண்டைச் செய்து தருகிறார். நாமும் நம் ஊருக்குச் செய்தவர் என்று அடுத்த தேர்தல் வரையில் அவரைப் பாராட்டிக்கொண்டு திரிகிறோம். இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு கேள்வி மட்டும் எழுவதே இல்லை. பள்ளிக்கூடத்து ஓட்டை மாற்றுவதற்கு ஓர் அமைச்சர் எதற்கு?

2025ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. எங்கள் தெருக்கோடியில் உள்ள மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எரிந்துபோய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. முன்னெல்லாம் இப்படி நேர்ந்தால் ஊராட்சித் தலைவர் வீட்டு வாசலில் பெண்கள் குடத்தோடு போய் நிற்பார்கள். அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று உள்ளேயிருந்து சொல்வார்கள். பொய்யென்று தெரிந்ததும் சத்தம் இன்னும் கூடும். மாலைக்குள் மோட்டார் கழற்றப்பட்டு விடும். இப்பொழுதோ தலைவர் இல்லை. எங்கள் மாவட்டத்து ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, தனி அலுவலர் கையில் பொறுப்புப் போய்விட்டது. அவர் தீயவர் அல்லர். ஒன்றியத்திலுள்ள அத்தனை ஊருக்கும் அவர் ஒருவரே பார்த்தாக வேண்டும். எங்கள் பெரியம்மா சொன்னார்கள்: “தலைவர்னா அவர் வீட்டு வாசல்ல போய் நிப்பேன். இவரு வீடு எந்த ஊர்லன்னே தெரியலையே, எங்கே போய் நிக்கிறது?”

அரசியல் நூல்களில் நாம் படித்துத் தேர்வில் எழுதும் அதிகாரப் பரவல் என்பது, சுருங்கச் சொன்னால், பெரியம்மாவுக்குப் போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறதா என்பதுதான்.

விடுமுறை முடிந்து உதகை வழியாக மைசூருக்குத் திரும்பினேன். நம்மில் பலருக்கு அந்த வழி பழக்கமானது. பந்திப்பூர்க் காட்டைக் கடந்ததும் பேருந்து குண்டுலுப்பேட்டையில் நிற்கும், நாம் இறங்கித் தேநீர் குடிப்போம், ஏறிக்கொள்வோம். அந்த ஊர்க்காரர் ஒருவர் இந்த மாநிலத்தில் அமைச்சராக இருந்து செய்த காரியத்தை, இங்கே வந்து படிக்கும் தமிழ் மாணவர்களில் எத்தனை பேர் அறிவோம்? நானும் இங்கு வந்த பிறகுதான் அறிந்தேன். அவர் பெயர் அப்துல் நசீர் சாப்.

1983இல் கருநாடகத்தில் ராமகிருஷ்ண ஹெக்டே தலைமையில் ஜனதா அரசு அமைந்தது. அதில் ஊரக வளர்ச்சிக்கும் பஞ்சாயத்து ராஜுக்கும் பொறுப்பேற்றவர் நசீர் சாப். வறட்சி வாட்டிய ஆண்டுகள் அவை. குடிநீர் இல்லாத ஊர் தேடி ஆழ்துளைக் கிணறு போடுவதையே அவர் முதல் வேலையாக வைத்துக்கொண்டார். மக்கள் அவருக்கு நீர் சாப் என்றே பெயர் மாற்றி விட்டார்கள். ‘நீர்’ கன்னடத்திலும் நீர்தான், தமிழிலும் நீர்தான். ஆகையால் அந்தப் பெயரை நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஓர் அமைச்சருக்கு இதைவிட நல்ல பெயர் கிடைப்பது அரிது. கிணறு வெட்டித் தந்த பெயரோடு அவர் நின்றிருந்தால் பந்தலும் மாலையும் ஆயுள் முழுவதும் தொடர்ந்திருக்கும்.

அவர் நிற்கவில்லை. கிணறு போடும் இடத்தை ஊரே முடிவு செய்யட்டும் என்றார். இது சாதாரணமான பேச்சாகத் தோன்றலாம். ஆனால் அதன் உட்பொருளை எண்ணிப் பாருங்கள். கிணற்றை எங்கே போடுவது என்ற அதிகாரம்தான் ஓர் ஊரக வளர்ச்சி அமைச்சரின் கையிருப்பு. அதைக் கொடுத்துவிட்டால் அவரைத் தேடி மனுவோடு யார் வரப்போகிறார்கள்?

1983இல் சட்டசபை ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஜில்லா பரிஷத், தாலுகா பஞ்சாயத்து சமிதி, மண்டல பஞ்சாயத்து, நியாய பஞ்சாயத்து என்று பெயரே ஒரு வரி நீளும் சட்டம். குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குப் போனது, 1985இல்தான் திரும்பி வந்தது. 1987 ஜனவரியில் தேர்தல் நடந்தது. அன்றைக்கு இருந்த மாவட்டங்களுக்கு ஜில்லா பரிஷத்துகள் அமைந்தன. அதற்குக் கீழே, சில ஊர்களைச் சேர்த்து ஒரு மண்டல பஞ்சாயத்து என்று வகுத்தார்கள். நூற்றுக்கு 25 இடம் பெண்களுக்கு என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அரசியல் சட்டம் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்வதற்கு அப்பொழுது இன்னும் பல ஆண்டு இருந்தது. ஆளும் கட்சியே எல்லாவற்றையும் வாரிக்கொண்டதா என்றால் அதுவும் இல்லை. எதிர்க்கட்சியாக இருந்த காங்கிரஸ் உறுப்பினர்களும் பெருந்தொகையாக வென்றார்கள். தோற்றால் என்ன ஆகும் என்று அஞ்சித் தேர்தலைத் தள்ளிவைக்கும் வழக்கத்தை நாம் பார்த்துப் பழகியவர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இந்தச் சட்டம் செய்த மாற்றம் எங்கே இருக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அதற்கு முன் ஒரு மாவட்டத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஓர் அதிகாரி, மருத்துவ நிலையத்துக்கு ஒருவர், வேளாண்மைக்கு ஒருவர், கால்நடைக்கு ஒருவர் என்று இருந்தார்கள். ஒரே கட்டிடத்தில் அவர்கள் உட்கார்ந்திருந்தாலும் ஒவ்வொருவரும் பெங்களூரிலுள்ள தத்தம் இயக்குநரின் முகத்தையே பார்த்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிடம் வரும். அதற்குப் போகும் பாதை வராது. பாதை வேறு துறை. மாவட்டத்துக்கென்று ஒரு திட்டம் இருந்ததில்லை. தலைநகரில் தனித்தனியே போட்ட பல திட்டங்களின் சிதறல்கள் மாவட்டத்தில் வந்து விழுந்தன. புதிய சட்டம் இந்த அதிகாரிகளையெல்லாம் ஜில்லா பரிஷத்தின் கீழே கொண்டுவந்தது. அவர்களுக்குமேல் ஒரு தலைமைச் செயலர். அவர் இந்திய ஆட்சிப் பணியைச் சேர்ந்தவர். அதுவும் மாவட்ட டெபுடி கமிஷனரைவிடப் பணிமூப்பில் உயர்ந்தவர். பரிஷத்தின் தலைவருக்கோ ராஜாங்க அமைச்சருக்குரிய தகுதி.

இந்தப் பணிமூப்பு விஷயத்தில்தான் நசீர் சாப்பின் கூட்டத்தார் எவ்வளவு கைதேர்ந்தவர்கள் என்பது தெரிகிறது. அதிகாரம் என்பது நம் நாட்டில் கோப்பில் இருப்பதைவிட நாற்காலியில் அதிகம் இருக்கிறது. யார் வந்தால் யார் எழுந்து நிற்க வேண்டும் என்பதில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து மாவட்டத்தின் ராஜாவாக இருந்தவர் கலெக்டர். அவரைவிட மூத்தவர் ஒருவர், மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரின் முன்னே கோப்பை வைத்துக் கையொப்பம் கேட்டு நின்றால் மாவட்டத்துக்கே ஒரு செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஆயிரம் சுற்றறிக்கை செய்யாததை அது செய்யும்.

பணத்தின் கதைக்கு வருவோம். மாநிலத் திட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள்: மாநிலத்துக்கு உரியது, மாவட்டத்துக்கு உரியது. எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு என்பது நிதிநிலை அறிக்கையோடு அச்சாகி வந்தது. இதனால் அமைச்சர்கள் இழந்தது ஓர் இன்பம். பையில் என்ன இருக்கிறது என்று சொல்லாமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கும் இன்பம். இதிலும் ஒரு குறை உண்டு. அச்சான தொகையில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் ஏற்கெனவே நடந்துவரும் திட்டங்களுக்குமே போயிற்று. மன்றம் தன் விருப்பம்போல் செலவிடக்கூடிய பங்கு சிறிது. நசீர் சாப்பைப் புகழ்வோர் இதை மறைக்க வேண்டியதில்லை.

சட்டமன்ற உறுப்பினர்களுக்கு இந்த ஏற்பாடு கசந்தது. கசக்காமல் எப்படி இருக்கும்? தாலுகா அளவில் அவர்கள் தலைமையில் ஒரு சமிதியை அமைத்துக் கௌரவம் பண்ணினார்கள். ஆனால் அந்தச் சமிதிக்கு யோசனை சொல்லத்தான் வாய் உண்டு, காசு இல்லை. பள்ளிக்கூடத்து ஆசிரியரை மாற்றுவதற்கு இனி எம்.எல்.ஏ. வீட்டில் காத்திருக்க வேண்டாம் என்பது மக்களுக்கு நல்ல செய்தி, எம்.எல்.ஏ.வுக்கு அப்படியா?

பயன் என்ன என்று கேட்பீர்கள். பின்னால் வந்து ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்: ஊர்ப்புறப் பள்ளிகளிலும் மருத்துவ நிலையங்களிலும் வராமல் சம்பளம் வாங்கியவர்கள் வரத் தொடங்கினார்கள். யாரும் புதிதாகப் புத்தி சொல்லவில்லை. வராததைப் பார்க்கிற கண்ணும் கேட்கிற உரிமையும் ஒரே இடத்தில் சேர்ந்தன, அவ்வளவுதான். ஊழலைப் பற்றியும் அவர்கள் சுவையான ஒன்றைச் சொல்கிறார்கள். கைநீட்டியவர்களின் எண்ணிக்கை கூடிற்றாம். கை நீட்டி எடுத்த மொத்தத் தொகை குறைந்ததாம். அந்தக் காலத்து மண்டலப் பிரதான் ஒருவர் சிமெண்டு மூட்டையில் கைவைத்தால் பக்கத்து வீட்டுக்காரன் மூட்டையை எண்ணிவிடுவான். தலைநகரில் யார் எண்ணுவது?

இதற்கு முன்பும் ஓர் அமைச்சர் இந்தக் காரியத்துக்குத் தம்மையே கொடுத்திருந்தார். தில்லியில் 1956 முதல் சமுதாய வளர்ச்சித் துறை அமைச்சராக இருந்த எஸ். கே. டே. அவர் அரசியல்வாதியாக வளர்ந்தவர் அல்லர். அமெரிக்காவில் படித்த பொறியாளர். பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களைக் கொண்டு நீலோக்கேரி என்ற நகரைச் சதுப்பு நிலத்தில் எழுப்பியவர். 1952 அக்டோபர் 2ஆம் நாள் 55 இடங்களில் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தை நடத்தும் பொறுப்பை நேரு அவரிடம் தந்தார். கிராம சேவக், பிளாக், பி.டி.ஓ. என்று நம் ஊரில் பாட்டிமார்கூட இன்று சொல்லும் சொற்கள் அந்தக் காலத்தில் வந்தவை. ஐந்தாண்டு கழித்து, மக்கள் ஏன் இதில் ஒட்டவில்லை என்று பார்க்க பல்வந்தராய் மேத்தா குழுவை அமைத்தார்கள். 1957இல் அக்குழு சொன்ன விடை எளியது: அதிகாரம் கொடுக்காமல் பங்கெடுக்கச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள்; தேர்ந்தெடுத்த மன்றங்களிடம் அதை ஒப்படையுங்கள். 1959 அக்டோபர் 2ஆம் நாள் ராஜஸ்தானத்து நாகூரில் நேரு பஞ்சாயத்து ராஜைத் தொடங்கி வைத்தார். (நம் நாகூர் அன்று, அங்கே அப்படியொரு நாகூர் இருக்கிறது.) 1962இல் டே அந்த நாகூர்த் தொகுதியில் நின்றே மக்களவைக்கு வென்றார்.

டேயின் இடர் என்னவென்றால், உள்ளாட்சி என்பது மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. தில்லி அமைச்சர் அதில் சட்டம் இயற்ற முடியாது. ஊர் ஊராகப் போகலாம், பேசலாம், எழுதலாம், பயிற்சி முகாம் நடத்தலாம், முதலமைச்சர்களின் மனத்தைக் கரைக்கலாம். அவர் அத்தனையும் செய்தார். 1966இல் அவருடைய அமைச்சகத்தை உணவு, வேளாண்மை அமைச்சகத்தோடு சேர்த்துக் கரைத்து விட்டார்கள். கேட்பதற்கு ஆள் இல்லை என்று ஆனதும் மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தேர்தலை மறந்தன. ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்து, 2004இல், தில்லியில் மறுபடியும் பஞ்சாயத்து ராஜுக்கென்று தனி அமைச்சகம் ஏற்பட்டபோது அதன் முதல் அமைச்சர் மயிலாடுதுறைத் தொகுதியிலிருந்து போன மணிசங்கர் ஐயர். அவரும் மாநில அமைச்சர்களை வரவழைத்து ஆறு மாதத்தில் ஏழு வட்டமேசைக் கூட்டங்கள் நடத்தி, எந்த வேலை எந்த மன்றத்துக்கு என்று பிரித்து எழுதுங்கள் என்று மன்றாடினார். பிரித்து எழுதினார்கள். எழுதியபடி கொடுத்தவர்கள் சிலரே.

எனவே தில்லி அமைச்சரால் வற்புறுத்தத்தான் முடியும். மாநில அமைச்சரால்தான் கொடுக்க முடியும். நசீர் சாப் கொடுத்தார். கொடுத்தது நின்றதா?

நிற்கவில்லை. 1988இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு ஜனதா ஆட்சியும் போயிற்று. மன்றங்களின் ஐந்தாண்டு 1992 தொடக்கத்தில் நிறைந்தபோது, புதிய அரசு தேர்தல் வைக்காமல் நிருவாக அதிகாரிகளை உட்கார வைத்தது. வேலை பார்த்த மன்றங்கள், மக்கள் பழகிவிட்ட மன்றங்கள், ஒரு கையொப்பத்தில் காலியாயின. அரும்பாடுபட்டு ஒருவர் சட்டம் செய்ததால் வந்தது. அவருக்குப் பின் வந்தவர்கள் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்ததாலேயே போயிற்று. எடுத்துக்கொள்வதற்குத் தனியாக ஒரு சட்டம்கூடத் தேவைப்படவில்லை.

இதனால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. நண்பர்கள் சிலர் இதை ஒப்பமாட்டார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன். அதிகாரப் பரவலில் ஓர் அமைச்சரை அளக்கும் கோல், அவர் எவ்வளவு கொடுத்தார் என்பதாக இருக்கக் கூடாது. தமக்குப் பின் வருபவர் திரும்ப எடுக்க முடியாதபடி எவ்வளவைக் கட்டி வைத்தார் என்பதே கோல். அந்தக் கோலால் அளந்தால் நான் இவ்வளவு புகழ்ந்த நசீர் சாப்பும் பாதி மதிப்பெண்தான் வாங்குவார். ஆனால் மீதிப் பாதியை எங்கே தேட வேண்டும் என்பதை நாட்டுக்குக் காட்டியது அவருடைய தோல்விதான். மாநிலச் சட்டம் போதாது. அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்ற வழக்குக்குக் கருநாடகம் சாட்சியாக நின்றது. 1989இல் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த திருத்தம் மாநிலங்களவையில் தோற்றது. 1992 டிசம்பரில் நிறைவேறிய 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம்; காலம் முடிவதற்கு முன்பே நடத்தியாக வேண்டும். மாநிலத் தேர்தல் ஆணையம் உண்டு. நிதிக்குழு உண்டு. பெண்களுக்கும் பட்டியல் இனத்தாருக்கும் இடம் உண்டு. அதையொட்டி வந்த 74ஆம் திருத்தம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் திட்டக்குழு வேண்டும் என்றது.

இவ்வளவும் எழுதியவர்கள் ஒரே ஒரு சொல்லில் கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள். குடிநீர் முதல் தொடக்கக் கல்வி வரை 29 இனங்கள் அடங்கிய அட்டவணையைச் சேர்த்தார்களே, அவற்றை மன்றங்களுக்கு மாநிலச் சட்டமன்றம் ‘அளிக்கலாம்’ என்று எழுதினார்கள். ‘அளிக்க வேண்டும்’ என்று எழுதவில்லை. தேர்தல் கட்டாயம், அதிகாரம் விருப்பம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்பார்கள் நம் ஊரில். இங்கே சாமியே பூசாரியின் விருப்பம்போல் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டது!

இனி நம் வீட்டுக் கதை. இங்கே வந்து படிக்கும் நாம் கருநாடகத்தைப் பற்றிப் பேசிவிட்டு வீட்டை மறைப்பது அழகாகாது.

நம்மில் பாதிப் பேராவது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் படித்தவர்கள். அந்தப் பெயர்ப்பலகை எப்படி வந்தது என்று என்றைக்காவது எண்ணியதுண்டா? நாகூரில் விளக்கேற்றுவதற்கு முன்பே, 1958இல், சென்னை மாநிலம் தன் பஞ்சாயத்துச் சட்டத்தை இயற்றிவிட்டது. அதன்படி பிறந்த பஞ்சாயத்து யூனியன்களிடம் தொடக்கப் பள்ளிகளை ஒப்படைத்தார்கள். ஆசிரியர் யூனியன் ஊழியர்; பள்ளி யூனியன் சொத்து. 1981இல் அந்த ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். சம்பளம் ஒழுங்காக வர வேண்டும் என்று அவர்கள் விரும்பியதில் தவறில்லை; யூனியன் தலைவர்களிடம் அவர்கள் பட்ட பாடும் பெரிது. ஆனால் அதிகாரம் சென்னைக்குப் போய்விட்டது. பலகை மட்டும் இன்னும் அங்கேயே தொங்குகிறது.

அந்த 1958ஆம் ஆண்டு ஏற்பாட்டில் இன்னொரு குறை. முன்பு தேர்தலால் வந்த தலைவரோடு இருந்த ஜில்லா போர்டுகளை எடுத்துவிட்டு, கலெக்டரைத் தலைவராக்கி யோசனை சொல்லும் மாவட்ட வளர்ச்சி மன்றத்தை வைத்தார்கள். ஊருக்கு மன்றம் உண்டு, ஒன்றியத்துக்கு உண்டு, மாவட்டத்துக்குக் கலெக்டர்தான். ஆற்றையும் சாலையையும் மருத்துவமனையையும் சேர்த்து எண்ணிப் பார்க்கத்தக்க பரப்பு மாவட்டம். அந்தப் பரப்பில் மக்களின் குரல் 1994ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் இல்லாமல் போயிற்று.

தேர்தல் கணக்கைப் பாருங்கள். 1970இல் நடந்தது; அடுத்தது 1986. அது 1991இல் முடிந்தது, அடுத்தது 1996. அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒழுங்காக நடந்து, 2016இல் மீண்டும் இடறிற்று, 2019 டிசம்பரில்தான் ஊரகத் தேர்தல் வந்தது, அதுவும் புதிதாகப் பிரித்த மாவட்டங்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு 2021இல். பின்னர் 2025 ஜனவரியில் மீண்டும் தனி அலுவலர்கள். இந்தப் பட்டியலில் எந்தக் கட்சிக்கும் விலக்கில்லை. தில்லியில் மாநில உரிமைக்கு முழங்குவோர் தம் வீட்டுக் கதவை ஊராட்சிக்குத் திறப்பதில் ஒருவரை ஒருவர் வென்றவர்களாகத் தெரியவில்லை. காசிலும் நட்டம். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத ஊருக்கு ஒன்றிய நிதிக்குழுவின் மானியம் நின்றுவிடுகிறது. நம்மிடம் தில்லி காட்டும் கஞ்சத்தனத்தைக் கண்டிக்கும் நாம், வரவேண்டியதை நாமே வராமல் செய்துகொள்கிறோம்.

இந்த இடத்தில் ஒரு நண்பர் குறுக்கிட்டார். கட்டுரையை எழுதுமுன் விடுதியில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, “ஊர் கையில் அதிகாரம் என்கிறாயே, ஊர் என்றால் யார்?” என்று கேட்டார். மேலவளவு என்ற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். தனித் தொகுதியாக ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் தலைவராக வந்த பட்டியலினத்தவரையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூனில் வெட்டிக் கொன்ற ஊர் அது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 2006 வரையில் தேர்தலையே நடத்தவிடவில்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமத்தை அடிப்படையாகக் கொள்வதைக் கடுமையாக மறுத்ததற்குக் காரணம் இருந்தது. அதே மாதத்தில் நம் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் கிராமப் பஞ்சாயத்தைப் பற்றிய 40ஆம் பிரிவு சேர்ந்தது. ஆனால் நீதிமன்றத்தில் கேட்க முடியாத நெறியாகத்தான் சேர்ந்தது.

நண்பரின் கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். நசீர் சாப்பின் மன்றங்களும் ஊரின் கடையாருக்குப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை என்றே ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைக் காட்டி மார்தட்டும் நம்மவர்களும், அந்த ஓலையில் பெயர் வர நிலமும் சொந்த மனையும் வேண்டும் என்று அதே கல்லில் வெட்டியிருப்பதைச் சேர்த்துப் படிக்கட்டும். ஆனால் தலைநகரத்து அதிகாரம் சாதியைக் கடந்ததா? தலைநகரில் இருந்தபடி ஆயிரமாண்டு ஆண்டாலும் சேரிக்குத் தண்ணீர்க் குழாய் ஏன் வரவில்லை? மேலவளவில் நாற்காலி ஒதுக்கப்பட்டதால்தான் கொலை நடந்தது என்றால், அந்த நாற்காலியில் ஏதோ இருக்கிறது என்பதைக் கொன்றவர்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதே பொருள். நாற்காலியை எடுத்துவிடுவதா மருந்து? ஒதுக்கீடும், காவலும், கணக்குக் கேட்கும் உரிமையும் மேலிருந்து உறுதியாக வர வேண்டும். வேலையும் பணமும் கீழே இருக்க வேண்டும். மேலிருப்பவர் இறுகப் பிடிக்க வேண்டியதும் கைவிட வேண்டியதும் வெவ்வேறு. நம் அமைச்சர்கள் பெரும்பாலும் இதை மாற்றிச் செய்கிறார்கள். காவலைக் கைவிட்டு, குழாயைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

கேரளத்தில் 1996இல் திட்டச் செலவில் நூற்றுக்கு 35 முதல் 40 வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கியபோது, முதலில் பணத்தைக் கொடுப்போம், திறமை தானே வரும் என்று துணிந்தார்கள். நம்மவர்கள் திறமை வரட்டும், பிறகு கொடுப்போம் என்கிறார்கள். நீந்தக் கற்ற பிறகே ஆற்றில் இறங்க வேண்டும் என்பது போலத்தான்.

ஆகவே அடுத்த முறை உள்ளாட்சித் துறைக்கு ஓர் அமைச்சர் பதவி ஏற்கும்போது, நம் ஊருக்கு என்ன தருவார் என்று கேட்பதை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேட்கலாம். மன்றங்களின் காலம் முடியும் நாளுக்கு முன்பே தேர்தல் நாளைச் சொல்வாரா? 29 இனங்களில் எவை எவற்றின் பணமும் பணியாளரும் ஊராட்சிக்கு என்று சட்டத்திலேயே எழுதுவாரா? மாவட்டத் திட்டக்குழுவைக் கூட்டி அது போட்ட திட்டத்தை மாநிலத் திட்டத்தில் சேர்ப்பாரா? மூன்றாவது கேள்விக்கு முதலாவதே அடிப்படை. அக்குழுவில் ஐந்தில் நான்கு பங்கினரைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள் மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமே. மாவட்ட ஊராட்சியே இல்லாதபோது ஊர்ப்புறத்துக்காக அதில் யார் உட்காருவது?

குண்டுலுப்பேட்டைக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஊரக வளர்ச்சிப் பணியாளர்களுக்கும் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் பயிற்சி தரும் கருநாடக அரசின் நிறுவனம் மைசூரில்தான் இருக்கிறது. அதற்கு அப்துல் நசீர் சாப் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவருடைய இந்த மாநிலத்தில் மாவட்ட, தாலுகா பஞ்சாயத்துகளின் காலம் 2021இல் முடிந்தது. அடுத்து வந்த மூன்று ஆண்டுகளிலும் அவற்றுக்குத் தேர்தல் நடக்கவில்லை.

எங்கள் தெரு மோட்டார் பதினான்காம் நாள் ஓடிற்று. தெருக்காரர்களே வீட்டுக்கு நூறு ரூபாய் போட்டுக் கம்பி சுற்றிக் கொண்டுவந்தார்கள்.